கடித வகைப் பத்தி: இருபது மதிப்பெண்

அந்நகரத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மூன்று மாடிகளும், முப்பத்தாறு வகுப்பறைகளும், ஓர் இரும்புக் கதவும் உடையது. அதன் சிறப்புகளுள் தலையாயது யாதெனில், ஆங்கிலப் பத்தியைப் படித்துக் கருத்துணர்ந்து விடையளிக்கும் பகுதியில் அதன் மாணவியர் பதினோர் ஆண்டுகளாக, ஒருத்தியைத் தவிர, ஒரு மதிப்பெண்ணையும் இழந்ததில்லை என்பதாகும். இச்சாதனைக்குக் காரணமானது, அப்பள்ளியில் யாரும் பத்தியைப் படிப்பதில்லை என்னும் கட்டுப்பாடே.

இக்கட்டுப்பாட்டை ஏற்படுத்தியவர் பத்திப் பொறுப்பாளர். பள்ளியில் பத்திப் பிரிவு என்று தனி அறை ஒன்று இருந்தது. பத்திகளைச் சேகரித்தல், சொற்களை எண்ணுதல், வினாக்கள் அமைத்தல், பூட்டி வைத்தல் ஆகியவை அப்பிரிவின் பணிகள். ஆண்டுதோறும் மேல்நிலை இரண்டாம் ஆண்டு தொடங்கும் நாளில் பொறுப்பாளர் மாணவியர் முன் நின்று ஓர் உரை நிகழ்த்துவார்.

"பிள்ளைங்களா, பருந்து என்ன பண்ணுது? வயலை ரசிக்குதா? மேல வட்டம் போடுது. எலியைப் பாத்ததும் ஒரே பாய்ச்சல். தூக்கிட்டுப் போயிட்டே இருக்கு. கேள்வியில இருக்கற வார்த்தைதான் உனக்கு எலி. பாசேஜ்ல அது எங்க ஓடுதுன்னு பாரு. அந்த வரியைத் தூக்கு. எழுது. அடுத்த எலி. வயல்ல என்ன விளைஞ்சிருக்கு, யாரு விதைச்சா, அவன் நல்லாருக்கானா, இதெல்லாம் உனக்கெதுக்கு? நீ என்ன அவனுக்குச் சம்பந்தியா?"

மாணவியர் சிரிப்பர். பின்னர் ஒவ்வொருத்திக்கும் ஒரு கறுப்பு அட்டை வழங்கப்படும். அதன் நடுவில் ஒரு வரியின் உயரத்திற்கு மட்டும் நீண்ட துளை வெட்டப்பட்டிருக்கும். அதற்குச் சன்னல் அட்டை என்று பெயர். அதனைப் பத்தியின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டுமே தெரியும். முன்வரியும் பின்வரியும் தெரிந்தால் மாணவி அவற்றை இணைத்துப் பார்க்கும் ஆசைக்கு ஆளாவாள் என்பது ஆய்வில் தெளிந்த உண்மை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆசிரியை, கலங்கரை விளக்கக் காவலன் ஒருவனைப் பற்றிய பத்தியின் பொருளைத் தேர்வின் நடுவே வாய்தவறிச் சொல்லிவிட்டார். நாற்பது மாணவியர் அழுதனர். தேர்வு ஒன்பது நிமிடம் தாமதமாக முடிந்தது. அவ்வாசிரியை தற்போது உடைந்த நாற்காலிகள் வைக்கும் அறைக்குப் பொறுப்பாக உள்ளார்.

இப்பள்ளியின் பெருமைக்குரிய மாணவி சென்டம் என்று அழைக்கப்பட்டாள். நூற்றுக்கு நூறு தவிர வேறெதுவும் வாங்கியறியாதவள் ஆதலின் அப்பெயர் நிலைத்தது. அவள் அதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பத்திகளுக்கு விடை எழுதியிருந்தாள். திமிங்கலத்தின் நீளம் எத்தனை அடி என்று அவள் அறிவாள். அத்திமிங்கலம் இறுதியில் கடலுக்குத் திரும்பியதா, கரையில் கிடந்து செத்ததா என்று அறியாள். அது கேட்கப்படவில்லை.

முதல் பத்தியில் குறிப்பிட்ட அந்த ஒருத்தி, சென்டத்தின் தோழி. அவளைக் கதைக்காரி என்பர். அவள் அட்டையை அகற்றிவிட்டுப் பத்தியை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுவாள். படித்தபின் சற்று நேரம் ஒன்றும் எழுதாமல் அமர்ந்திருப்பாள். அவளுடைய மதிப்பெண் முப்பத்தொன்றைத் தாண்டியதில்லை. இப்பழக்கம் பரவக்கூடும் என்று கருதி, அவளுக்குச் சுவரைப் பார்த்தவாறு தனி மேசை போடப்பட்டிருந்தது.

"நேத்து வந்த பலூன்காரன் இருக்கான்ல, அவன் வேணும்னேதான் கயித்தை அறுத்துக்கிட்டான்னு நினைக்கறேன்டி" என்று ஒருநாள் அவள் சென்டத்திடம் கூறினாள்.

"எந்த பலூன்காரன்?"

"அதான்டி, நீ இருபதுக்கு இருபது வாங்கினியே."

"அவன் கயித்தை அறுத்தானா?"

"போடீ" என்றாள் கதைக்காரி.

சென்டத்தின் தந்தை பேருந்து நிலையத்தில் பணியாற்றினார். புறப்படும் பேருந்துகளின் ஊர்ப்பெயர்களைக் கூவி ஆள் ஏற்றுவது அவர் தொழில். எந்த ஊரையும் ஒரே மூச்சில், கடைசி எழுத்தை இழுத்து, நிலையத்தின் மறுகோடியில் தூங்குபவனும் எழுந்து ஓடிவரும்படி கூவுவார். ஓராண்டாக அக்குரல் கம்மிக்கொண்டே வந்தது. வெந்நீர், கஷாயம், மாத்திரை அனைத்தும் பயன்படாமல் போகவே, அவர் பெரிய மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தனர்; சதையைக் கிள்ளி எடுத்தனர்; இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் கொடுத்தனர். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்று செவிலியிடம் கேட்டார்.

"எல்லாம் இதுலயே தெளிவா இருக்கு. வீட்ல படிச்சவங்ககிட்டக் காட்டுங்க" என்றாள் செவிலி.

அவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். படித்தவள் அவர் வீட்டில் இருந்தாள்.

அன்று மாலை சென்டம் கைகால் கழுவி, கடிதத்தைத் தரையில் விரித்து, சன்னல் அட்டையை அதன்மேல் வைத்தாள். தந்தை எதிரில் சம்மணமிட்டு அமர்ந்தார். துணி தேய்க்கும் கடையில் வேலை செய்யும் தாய், அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அட்டை மேலிருந்து கீழே ஒருமுறை நகர்ந்தது. மீண்டும் மேலே சென்றது.

"என்ன பாப்பா?"

"கேள்வியே இல்லையேப்பா."

"என்ன கேள்வி?"

"பாசேஜுக்குக் கீழ கேள்வி இருக்கும். அதை வெச்சுத்தான் தேடணும். இதுல வெறும் பாசேஜ் மட்டும்தான் இருக்கு."

தந்தை சிந்தித்தார். "சரி, நான் கேக்கறேன். எனக்கு என்ன வியாதி?"

சென்டம் கடிதம் முழுவதும் அச்சொல்லைத் தேடினாள். "அந்த வார்த்தை இதுல இல்லப்பா."

"எப்ப வரச் சொல்றாங்க?"

"அதை இங்கிலீஷ்ல கேக்கணும்பா. பாசேஜ்ல என்ன வார்த்தை இருக்கோ அதே வார்த்தையை வெச்சுக் கேக்கணும்."

"அடி என் கண்ணு, அது தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்?"

சென்டம் ஒன்றும் அறியாதவள் அல்லள். 'தொண்டை' என்னும் சொல் மூன்றாம் வரியிலும் 'படுக்கை' என்னும் சொல் ஏழாம் வரியிலும் இருந்ததை உடனே கண்டாள். நான்கு தேதிகள் இருந்தன. எத்தேதி எதற்குரியது என்பதை வினா அல்லவா சொல்ல வேண்டும்? வினா இல்லாத பத்தி, பூட்டில்லாத சாவிபோல அவள் கையில் கிடந்தது.

"பக்கத்துல மருந்துக்கடைக்காரர்கிட்டக் காட்டிட்டு வந்துடலாமே" என்றாள் தாய்.

"எதுக்கு?" தந்தையின் கம்மிய குரலில் கோபம் எழுந்தது. "மாவட்டத்துலயே முதல் மார்க் வாங்கறவ வீட்ல உக்காந்திருக்கா. நான் போய் மாத்திரை விக்கறவன் முன்னாடி கைகட்டி நிக்கணுமா? பிள்ளை வாத்தியார்கிட்டக் கேட்டுட்டு வரட்டும். ரெண்டு நாள்ல என்ன ஆயிடப்போகுது?"

மறுநாள் சென்டம் கடிதத்தை ஆங்கில ஆசிரியரிடம் நீட்டினாள். கதைக்காரியிடம் காட்டும் எண்ணம் அவளுக்குத் தோன்றவில்லை. முப்பத்தொன்று வாங்குபவளிடம் பொருள் கேட்பது எவ்வகையில் முறையாகும்?

ஆசிரியர் கடிதத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "எத்தனை மார்க் பாசேஜ் இது?"

"தெரியல சார். எங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரில கொடுத்தாங்க. என்ன போட்டிருக்குன்னு..."

"உஷ்!" ஆசிரியர் கதவைப் பார்த்தார். "பொருள் சொல்லச் சொல்றியா? நாற்காலி ரூம்ல இன்னொரு ஆளுக்கு இடமிருக்குன்னு உனக்கு யாராவது சொன்னாங்களா? நான் ரெண்டு பிள்ளை பெத்தவன்மா."

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

ஆசிரியர் இரக்கமில்லாதவர் அல்லர். சற்று யோசித்து வழி ஒன்று கூறினார். "இதைப் பத்திப் பிரிவுல கொடுத்துடு. அவங்க கேள்வி போட்டுடுவாங்க. கேள்வி வந்துட்டா எல்லாத்துக்கும் நீயே விடை எழுதிடுவ. விடை எழுதிட்டா உனக்கே தெரிஞ்சுடும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லல. எப்படி?"

அது அவளுக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

பத்திப் பொறுப்பாளர் கடிதத்தைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பாடத்திட்டத்தில் கடித வகைப் பத்தி என்று ஒன்று உண்டு. அவ்வகையில் பிரிவிடம் இருந்தவை இரண்டே. இரண்டும் பதினோர் ஆண்டுகளாக மாறிமாறிக் கேட்கப்பட்டுத் தேய்ந்துபோனவை.

"ஒரிஜினல்! முத்திரையோட ஒரிஜினல்!" என்று அவர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சொல் எண்ணிக்கை நூத்தி எண்பது இருக்கும் போலருக்கே. கொஞ்சமும் வெட்ட வேண்டாம். எங்க புடிச்ச இதை?"

"எங்கப்பாவோடது சார். சீக்கிரம் கேள்வி போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

"மாதிரித் தேர்வுலயே வெச்சுடலாம். பன்னெண்டாம் தேதி."

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கே சார். அதுவரைக்கும் லெட்டரை நான் வெச்சுக்கட்டுமா?"

பொறுப்பாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தேர்வு பாசேஜை மாணவி வீட்ல வெச்சுக்கறதா? இந்த நிமிஷத்துலேருந்து இது ரகசியப் பொருள்மா. நீயே இதைப் பாத்ததில்ல. வெளியில வாயைத் தொறந்தா தேர்வு எழுத முடியாது, ஞாபகம் வெச்சுக்கோ."

கடிதம் இரும்பு அலமாரிக்குள் சென்றது. சென்டத்திற்கு ஒரு ரசீது வழங்கப்பட்டது. அதில் 'பத்தி: ஒன்று' என்று எழுதியிருந்தது.

அலமாரிக்குள் சென்ற கடிதம் சும்மா இருக்கவில்லை. அதன்பொருட்டு வினாக்குழு மூன்றுமுறை கூடியது. விதிப்படி நோயாளியின் பெயர் நீக்கப்பட்டு அவருக்குத் திருவாளர் பிரவுன் என்று பெயரிடப்பட்டது. மருத்துவமனையின் பெயரும் மாற்றப்பட்டது. 'உடனடியாக' என்னும் பொருள்தரும் சொல் பத்தியில் இருமுறை வருவதால் ஒன்றை நீக்கலாமா என்று ஒரு நாள் முழுவதும் விவாதம் நடந்தது. பொருத்தமான தலைப்பு தருக என்னும் வினாவிற்கு, 'காலந்தவறாமையின் சிறப்பு' என்று விடைக்குறிப்பு முடிவாயிற்று. குழுவில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் மட்டும் இடையில் ஓர் ஐயம் எழுப்பினார்.

"சார், இந்த ஆள் போகலன்னா செத்துடுவாரா?"

"அது எத்தனாவது கேள்வி?" என்று பொறுப்பாளர் தாளைப் புரட்டினார். அவ்வாறு ஒரு வினா இல்லை. கூட்டம் இனிது நிறைவுற்றது.

அந்த ஐந்து வாரங்களில் தந்தையின் குரல் படிப்படியாக நின்றது. முதலில் ஊர்ப்பெயர்களின் கடைசி இழுப்பு போயிற்று. அடுத்து நீண்ட பெயருடைய ஊர்கள் போயின. அவற்றை வேறொருவர் கூவினார். பின்னர் அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. பயணிகள் விசிலுக்கு எந்த ஊர் என்று தெரியாமல் விழித்தபடியால், நான்காம் வாரத்தில் அட்டைகளில் ஊர்ப்பெயர் எழுதி உயர்த்திக் காட்டத் தொடங்கினார். ஐந்தாம் வாரத்தில் தாய் பொறுமையிழந்து மருத்துவமனைக்குச் சென்றாள். முகப்பில் இருந்த ஊழியர், "லெட்டரை எடுத்துட்டு வாங்கம்மா. லெட்டர்ல இருக்கற நம்பர் இல்லாம நான் எந்த ரிஜிஸ்டர்லன்னு தேடுவேன்?" என்று அனுப்பிவிட்டார். தாய் அன்றிரவு வாய் ஓயாமல் திட்டினாள்.

"ஒரு காகிதத்தைப் படிக்க அஞ்சு வாரமா? நான் ஒரு நாளைக்கு நூறு சட்டை தேய்க்கறேன். எவனாவது கேள்வி எழுதிக் கொடுத்தாத்தான் தேய்ப்பேன்னு சொல்றேனா?"

தந்தை கையமர்த்தினார். பன்னிரண்டாம் தேதி எல்லாம் தெரிந்துவிடும் என்று விரல்களால் எண்ணிக் காட்டினார்.

பன்னிரண்டாம் தேதியும் வந்தது. தேர்வு காலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஆறாம் பிரிவில் கடித வகைப் பத்தி இருந்தது. வினாத்தாளில் இருந்ததோ அச்சிட்ட எழுத்து, பிரவுன் என்ற பெயர், வேறொரு மருத்துவமனை. சென்டத்தின் அட்டை வழக்கம்போல் நகர்ந்தது. பிரவுனின் வயது என்ன? நாற்பத்தேழு. எத்தேதியில் எத்தனை மணிக்குள் அவர் வந்து சேர வேண்டும்? பன்னிரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்குள். வரத் தவறினால் அவருடைய படுக்கை என்னவாகும்? அடுத்தவருக்கு அளிக்கப்படும். அதன்பின் அவருடைய குரலைக் காப்பாற்ற இயலும்: சரியா, தவறா? தவறு. பதினோரு நிமிடங்களில் இருபது மதிப்பெண்ணுக்கும் அவள் விடை எழுதி முடித்தாள். தன் தந்தையின் கடிதம் எங்கே என்று முன்னும் பின்னும் புரட்டினாள்; காணவில்லை. அடுத்த தேர்வில் வைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மணியடித்தது. வெளியே வந்த கதைக்காரியின் கண்கள் சிவந்திருந்தன.

"மறுபடியும் படிச்சியா?" என்றாள் சென்டம்.

"அந்த பிரவுன் பாவம்டி. தொண்டையில கட்டி. இப்பவே அறுத்து எடுத்தா உசுரும் இருக்கும், குரலும் இருக்கும். நாள் தள்ளிப்போச்சுன்னா குரல்வளையையே எடுக்கணும், அதுக்கப்புறமும் பிழைக்கறது உறுதியில்லங்கறாங்க. இதுல அந்தாளு பண்ற வேலை என்ன தெரியுமா? பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரைக் கூவி ஆள் ஏத்தறதாம். குரலே போயிட்டா என்னடி பண்ணுவான்?"

சென்டம் அசையாமல் நின்றாள்.

"என்னடி? நீதான் இருபது மார்க்கும் எழுதியிருப்பியே. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"இன்னிக்கு என்ன தேதி?" என்றாள் சென்டம். பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள்.

இரும்புக் கதவு பூட்டியிருந்தது. விடைத்தாள்கள் எண்ணி முடியும்வரை எவரையும் வெளியே விடுவதில்லை என்பது விதி. சென்டம் கம்பிகளைப் பற்றிக்கொண்டாள்.

"கதவைத் தொறங்கண்ணே! அது எங்கப்பா! அந்தப் பாசேஜ் எங்கப்பாவோடது!"

காவலாளி விவரமறிந்தவர். தேர்வில் வந்த பத்தி தன் தந்தையுடையது என்று ஒரு மாணவி தானாகவே கூறினால் அது எவ்வகைக் குற்றம் என்பதை அவர் அறிவார். அவளைத் தலைமையாசிரியையின் அறைக்கு அழைத்துச் சென்றார். தலைமையாசிரியை உணவருந்திக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு விசாரணை தொடங்கியது. பத்திப் பொறுப்பாளரும் ஆங்கில ஆசிரியரும் இருபுறம் அமர்ந்தனர். எழுத்தர் பேனாவைத் திறந்தார். சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"குற்றச்சாட்டு ரொம்பப் பெரிசு" என்று தலைமையாசிரியை தொடங்கினார். "தேர்வுக்கு முன்னாடியே பாசேஜோட பொருள் உனக்குத் தெரியும்னு நீயே வாசக்கதவுல நின்னு கத்தியிருக்க."

"தெரியாது மேடம். இப்பத்தான் தெரிஞ்சுது. நாலு மணிக்குள்ள எங்கப்பா ஆஸ்பத்திரில இருக்கணும். என்னை விட்டுடுங்க. அப்புறம் என்ன வேணா விசாரிங்க."

"இப்ப எப்படித் தெரிஞ்சுது? உனக்கு யாரு பொருள் சொன்னது?"

கதைக்காரியின் முகம் நினைவுக்கு வரவே சென்டம் வாய்மூடினாள்.

"பாத்தீங்களா" என்றார் பொறுப்பாளர். "பதினோரு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு குழந்தைக்கும் ஒரு பாசேஜும் புரிஞ்சதில்ல. அப்படிக் கண்ணும் கருத்துமா நடத்திட்டு வர்றோம். இன்னிக்கு ஒருத்திக்குப் புரிஞ்சுடுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு மத்தவங்க அம்மா அப்பா வந்து என் பிள்ளைக்கும் புரியணும்னு கேக்க மாட்டாங்களா? நாம எங்க போறது?"

ஆங்கில ஆசிரியர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கடிதத்தைப் பிரிவில் கொடுக்கச் சொன்னவர் அவரே என்பதை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மணி இரண்டு ஐம்பது ஆயிற்று. சென்டம் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா மேடம். எனக்கு முன்னாடியே தெரியும். எல்லாம் புரிஞ்சுதான் எழுதினேன். என் பேரை எடுத்துடுங்க. இப்பவே வெளிய அனுப்பிடுங்க."

எழுத்தர் அவ்வாக்குமூலத்தை அழகிய கையெழுத்தில் பதிவு செய்தார். பின்னர் ஒரு படிவத்தைப் புரட்டிப் பார்த்து, வருத்தத்துடன் தலையசைத்தார்.

"மேடம், மாணவியை நீக்கணும்னா பெற்றோர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் நம்ம பொறுப்புலதான் இருக்கணும்."

ஆகவே, பேருந்து நிலையத்திற்கு ஆள் அனுப்பப்பட்டது.

தந்தை மூன்று இருபதுக்கு வந்து சேர்ந்தார். மகளுக்குப் பரிசு கொடுக்கவே அழைத்திருப்பார்கள் என்று எண்ணி முகம் கழுவித் தலைவாரியிருந்தார். கையில் ஊர்ப்பெயர் அட்டை ஒன்று அப்படியே இருந்தது. சென்டம் அவர்மேல் பாய்ந்தாள்.

"அப்பா, போங்கப்பா! ஆஸ்பத்திரிக்குப் போங்க! நாலு மணிக்குள்ள போகலன்னா படுக்கையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. ஆபரேஷன் பண்ணினா குரல் வந்துடும். லெட்டர்ல அதான் போட்டிருக்கு. ஓடுங்கப்பா!"

மருத்துவமனை அங்கிருந்து பேருந்தில் இருபது நிமிடத் தொலைவு. தந்தை கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஏன் அழுகிறாள் என்று கையால் வினவினார்.

"தாராளமா நீங்க போகலாம்" என்றார் தலைமையாசிரியை. "உங்களை யாரும் தடுக்கல. இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடலாம். அவ பேரை எடுத்துடறோம். இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர முடியாது, அவ்வளவுதான்."

"போட்டுடுங்கப்பா!" என்று சென்டம் கத்தினாள்.

தந்தை அப்படிவத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஊர்ப்பெயர் அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவர் உதடுகள் அசைந்தன.

"கேக்கல" என்றார் எழுத்தர்.

தந்தை மீண்டும் கூறினார். காற்று மட்டும் வந்தது.

"அவர் சொல்றதை நான் சொல்றேன்" என்றாள் சென்டம்.

"குற்றம் சாட்டப்பட்டவ சாட்சிக்குப் பதிலாப் பேசக்கூடாதும்மா."

தந்தை எழுதுவதுபோல் விரல்களால் சைகை காட்டினார். படிவத்தில் வாய்மொழி வாக்குமூலம் என்று அச்சிட்டிருந்தபடியால் அதற்கும் இடமில்லை. இறுதியில் ஆங்கில ஆசிரியர் எழுந்து வந்து, அவர் வாயருகே தம் காதை வைத்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தந்தை இருமுறை, மும்முறை கூற வேண்டியிருந்தது. இடையில் இருமல் வந்து வந்து நின்றது. ஆசிரியர் கேட்டுக் கேட்டு ஒப்பிக்க, எழுத்தர் எழுதினார்.

"என் பொண்ணு பொய் சொல்றா. அவளுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. அந்த லெட்டர் வந்த அன்னிக்கு நான் எதிர்ல உக்காந்துதான் கேட்டேன். எனக்கு என்ன வியாதின்னு கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியல. எப்ப வரணும்னு கேட்டேன். அதுவும் தெரியல. ஒரு வரிகூட அவளுக்குப் புரியல. நான் சத்தியமாச் சொல்றேன். அவளை எடுத்துடாதீங்க."

மகளின் படிப்பைப் பற்றிப் பேருந்து நிலையம் முழுவதும் பெருமை பேசியவர், அவளுக்கு எதுவும் புரியாது என்று நான்கு பேர் முன் சான்று கூறி முடித்தபோது மணி நான்கு பத்து.

தலைமையாசிரியை மனம் நெகிழ்ந்தார். எழுந்து நின்று தீர்ப்பை அறிவித்தார்.

"நாங்க ரொம்பக் கவலைப்பட்டுட்டோம். ஆனா பாருங்க, சொந்த அப்பாவோட உயிர் சம்பந்தப்பட்ட காகிதம். வீட்டுக்கே வந்திருக்கு. விரிச்சு வெச்சுப் பாத்திருக்கா. அப்பவும் இந்தப் பொண்ணு ஒரு வார்த்தையைக்கூடப் புரிஞ்சுக்கல! இதைவிட நம்ம பயிற்சிக்கு என்ன அத்தாட்சி வேணும்? இவளை நான் குற்றமற்றவள்னு விடுவிக்கறேன். வர்ற ஆண்டுவிழாவுல இவளைப் பத்தி நானே பேசுவேன்."

பொறுப்பாளர் முதலில் கைதட்டினார். கடிதம் அலமாரியிலிருந்து எடுத்துத் தரப்பட்டது. அதன்மேல் 'பயன்படுத்தப்பட்டது' என்று முத்திரை குத்தியிருந்தது. இரும்புக் கதவு திறந்தது.

இருவரும் மருத்துவமனையை அடைந்தபோது ஐந்தாகியிருந்தது. முகப்பில் இருந்த ஊழியர் கடிதத்திலிருந்த எண்ணைப் பதிவேட்டில் எளிதில் கண்டுபிடித்துவிட்டார்.

"நாலு மணி வரைக்கும் வெச்சிருந்தாங்க. அப்புறம் அடுத்த ஆளுக்குக் கொடுத்தாச்சு. இனிமே நாலு மாசம் ஆகும்." அவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். "இதுல தெளிவாத்தானே போட்டிருக்கு? வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?"

தந்தை சென்டத்தின் தோளில் கைவைத்து, இவள் இருக்கிறாள் என்பதுபோல் லேசாக முன்னே தள்ளினார். ஊழியர் அடுத்தவரை அழைத்தார்.

தாழ்வாரத்தில் ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. அதில் அமர்ந்து, தந்தை கடிதத்தை மகளின் மடியில் வைத்தார். படிக்கச் சொல்லித் தலையசைத்தார்.

சென்டம் முதல் சொல்லிலிருந்து தொடங்கினாள். ஒரு வாக்கியத்தை வாய்க்குள் படிப்பாள், நிற்பாள், முன்வாக்கியத்திற்குத் திரும்பிச் சென்று மீண்டும் வருவாள், பிறகு அதைத் தமிழில் சொல்வாள். நேரம் பிடித்தது. எதிரே தரை துடைப்பவர் தாழ்வாரத்தைத் துடைத்து முடித்துவிட்டுப் போனார். கட்டியின் அளவு சொல்லப்பட்டது. குரலைப் பற்றிய பகுதி வந்தபோது சென்டம் நிறுத்தினாள். மேலே படி என்று தந்தை கையசைத்தார். நான்கு மணி வந்தது, படுக்கை வந்தது. இறுதியில், மருத்துவரின் கையெழுத்திற்கு மேலே, ஒரு வரி எஞ்சியிருந்தது.

"'இக்கடிதத்தில் ஏதேனும் விளங்காவிட்டால், எந்த நாளிலும் ஆறாம் எண் அறைக்கு நேராக வந்து என்னைக் கேளுங்கள். உங்கள் மொழியிலேயே விளக்குகிறேன்.'"

தந்தை அவ்வரியின்மேல் விரலை வைத்தார். ஏதோ கேட்டார். சென்டம் குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள்.

"இதுக்கு எத்தனை மார்க்?"

"இதுல கேள்வி வரலப்பா" என்றாள் சென்டம்.